தட்டி எழுப்பினால் மட்டும் போதுமா?

கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் யாராக இருந்தாலும், ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ஒரு நாள் 'ப்ரொட்யூசர் - கன்ஸ்யூமர்' கணக்கைச் சந்தித்தே தீர வேண்டும். ஒரு த்ரெட் பொருளைத் தயாரித்து வைக்கும். இன்னொரு த்ரெட் எடுத்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு சின்ன பஃபர். காலியாக இருந்தால் எடுப்பவர் காத்திருக்க வேண்டும், நிரம்பியிருந்தால் வைப்பவர் காத்திருக்க வேண்டும். கேட்பதற்கு எல்.கே.ஜி. கணக்கு மாதிரி இருக்கும். லேபில் எழுதி ஓட்டினால் ஓடவும் ஓடும். மார்க்கும் வரும்.

அப்படி மார்க் வாங்கும் நிரல்களில் ஒரே ஒரு வரித் தவறு அடிக்கடி ஒளிந்திருக்கும். 'வைல்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இஃப்' என்று எழுதியிருப்பார்கள். ஆசிரியர் கவனித்தால் சிவப்பு மையில் திருத்துவார். மாணவர் மனப்பாடம் செய்துகொள்வார்: "வெயிட்டுக்கு மேலே எப்பவும் வைல் போடணும்". ஏன் என்று கேட்டால் பதில் வராது. அல்லது "ஸ்பூரியஸ் வேக்அப் வரும்" என்று இன்டர்வ்யூவுக்குப் படித்த ஒரு வார்த்தை வரும்.

இது வெறும் இலக்கணப் பிழை இல்லை. சிக்னல் என்றால் என்ன என்பதையே தப்பாகப் புரிந்துகொண்டதன் அடையாளம். சிக்னல் வந்துவிட்டால் காரியம் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. "போய்ப் பார், ஏதோ மாறியிருக்கலாம்" என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால், மல்டித்ரெடிங்கில் மாணவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி குறையும்.

மெஸ்ஸில் ஒரு தோசை

ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸைக் கற்பனை செய்துகொள்ளலாம். கவுண்டரில் ஒரே ஒரு தட்டு. தட்டில் ஒரு சமயத்தில் ஒரு தோசைக்குத்தான் இடம். உள்ளேயிருந்து மாஸ்டர் தோசையை வைக்கிறார், வெளியிலிருந்து மாணவர்கள் எடுக்கிறார்கள். கவுண்டரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். இதுதான் லாக், அதாவது பூட்டு.

தட்டு காலி. பசியோடு வந்த மாணவன் என்ன செய்வான்? மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, தட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது. "வந்துச்சா? வந்துச்சா? வந்துச்சா?" நிரலில் இதற்கு பிசி வெயிட் என்று பெயர். தோசை வந்த மறு நொடி தெரிந்துவிடும், உண்மைதான். ஆனால் அதுவரை ஒரு ப்ராசஸர் கோர் முழுவதும் வெட்டியாகச் சுற்றும். லேப்டாப் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். (மிக மிகச் சின்ன காத்திருப்புகளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளேயே இப்படிச் சுற்றுவதுண்டு. அது வேறு கதை.)

இரண்டாம் வழி, ஸ்லீப். 100 மில்லிசெகண்ட் தூங்கு, எழுந்து பார், இல்லையென்றால் மறுபடி தூங்கு. மாணவர் நிரல்களில் அதிகம் தென்படும் வழி இதுதான். தோசை 1 மில்லிசெகண்டில் வந்தாலும் மீதி 99 மில்லிசெகண்ட் ஆறிப்போகும். ஒரு மணி நேரம் வரவே இல்லையென்றால் 36,000 தடவை எழுந்து ஏமாற வேண்டும். இது தீர்வு இல்லை, சமாளிப்பு.

மூன்றாம் வழி, "தோசை வந்தால் மணி அடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் படுத்துவிடுவது. மணி அடிக்கும்வரை ப்ராசஸருக்குச் செலவே இல்லை. இதுதான் வெயிட், சிக்னல். ஜாவாவில் வெயிட், நோட்டிஃபை. பிஓசிக்ஸில் பித்ரெட்-காண்ட்-வெயிட், பித்ரெட்-காண்ட்-சிக்னல். பெயர்தான் வேறு, சங்கதி ஒன்றே.

மூன்றாம் வழி சிறந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதில்தான் எல்லாக் குழிகளும் இருக்கின்றன.

காணாமல் போகும் மணி

மாணவன் தட்டைப் பார்க்கிறான், காலி. சரி, தூங்கலாம் என்று பெஞ்சை நோக்கித் திரும்புகிறான். அந்த இடைவெளியில் மாஸ்டர் தோசையை வைத்து மணியும் அடித்துவிடுகிறார். பெஞ்சில் யாருமில்லை. மணிச் சத்தம் காற்றோடு போயிற்று. அதற்குப் பிறகு மாணவன் படுக்கிறான். தோசை தட்டில் இருக்கிறது, தட்டு நிரம்பியிருப்பதால் மாஸ்டரும் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் யுகக்கணக்கில் காத்திருப்பார்கள்.

இதற்கு லாஸ்ட் வேக்அப் என்று பெயர். பார்ப்பதற்கும் படுப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பிரச்சினை. சரி, பூட்டைப் பிடித்துக்கொண்டே படுத்தால்? மாஸ்டரால் கவுண்டரை நெருங்கவே முடியாது. பூட்டை விட்டுவிட்டுப் படுத்தால்? பழைய இடைவெளி திரும்ப வந்துவிடும். ஆகவே பூட்டை விடுவதும் தூங்கப் போவதும், நடுவில் வேறு யாரும் நுழைய முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். எழுந்தவுடன் பூட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

"வெயிட் ஃபங்ஷனுக்கு எதற்கு மியூடெக்ஸையும் சேர்த்துக் கொடுக்கிறோம்?" என்று வைவாவில் கேட்டால் பலர் திருதிருவென்று முழிப்பார்கள். பதில் இவ்வளவுதான். ஜாவாவில் சிங்க்ரனைஸ்ட் இல்லாமல் வெயிட்டைக் கூப்பிட்டால் இல்லீகல்-மானிட்டர்-ஸ்டேட் என்று ஒரு எக்ஸெப்ஷன் பறந்து வரும். உடனே அதை வாயடைக்க அந்த ஒரு வரியை மட்டும் சிங்க்ரனைஸ்டுக்குள் தள்ளுகிறவர்கள் உண்டு. எக்ஸெப்ஷன் போய்விடும், ஓட்டை போகாது. ஏனென்றால் தட்டைப் பார்க்கும் வரி இன்னமும் பூட்டுக்கு வெளியே நிற்கிறது. மொழி காட்டிய சிவப்பு விளக்கைத் துணி போட்டு மூடிய கதை.

இஃப் எங்கிருந்து வந்தது?

'இஃப்' எழுதுகிறவர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. வரலாற்றில் அதற்கு ஒரு நியாயமான காலம் இருந்தது.

1960-களில் டைக்ஸ்ட்ரா செமஃபோரைக் கொடுத்தார். செமஃபோர் என்பது ஒரு எண். ஒருவர் கூட்டுவார், இன்னொருவர் குறைப்பார், பூஜ்யமாக இருந்தால் குறைக்க வந்தவர் காத்திருப்பார். இதற்கு ஞாபகசக்தி உண்டு. யாரும் கேட்காத நேரத்தில் கூட்டினாலும் எண் அப்படியே இருக்கும், பின்னால் வருபவர் எடுத்துக்கொள்ளலாம். மணி காற்றில் போகும் பிரச்சினை இதில் இல்லை. ஆனால் பெரிய நிரல்களில் கூட்டலும் கழித்தலும் ஆங்காங்கே சிதறிக் கிடந்தால் சரிபார்ப்பது பெரும்பாடு. ஒன்று விட்டுப்போனால் அவ்வளவுதான்.

எனவே பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும் 1970-களின் தொடக்கத்தில் மானிட்டர் என்ற யோசனையை வளர்த்தார்கள். தரவு, அதன் பூட்டு, காத்திருக்கும் வரிசை எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஹோரின் 1974-ஆம் ஆண்டுக் கட்டுரையில் சிக்னல் மிகவும் கண்ணியமானது. மணி அடித்த மறுகணமே, அடித்தவர் ஒதுங்கிக்கொள்வார், தூங்கியவர் நேராகக் கவுண்டருக்கு வந்துவிடுவார். நடுவில் மூன்றாம் ஆள் நுழைய வழியே இல்லை. எனவே எழுந்தவர் தட்டை மறுபடி பார்க்கத் தேவையில்லை. அந்த உலகத்தில் 'இஃப்' சரியே!

ஆனால் அந்த உலகம் நிலைக்கவில்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தில் (ஆமாம், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் பெயர் கொடுத்த அதே கம்பெனிதான்) மெஸா என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் மானிட்டர்களை வைத்து ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையே எழுதிப் பார்த்த அனுபவத்தை, பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடெல்லும் 1980-ல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அடித்தவர் இடத்தைக் காலி செய்வது வீண் செலவு என்பது அவர்கள் கண்ட உண்மை. அடித்தவர் தன் வேலையை முடித்துவிட்டுப் போகட்டும், எழுந்தவர் மற்றவர்களோடு சேர்ந்து பூட்டுக்கு வரிசையில் நிற்கட்டும் என்று விதியை மாற்றினார்கள். விளைவு, மணிக்கும் கவுண்டருக்கும் நடுவில் இப்போது ஒரு இடைவெளி வந்துவிட்டது. தூங்கியவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதற்குள், புதிதாக உள்ளே வந்த இன்னொருவன் தோசையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். எழுந்தவன் தட்டைப் பார்க்காமல் கை நீட்டினால் வெறும் தட்டுதான் கையில் படும்.

அதனால்தான் 'வைல்':

பூட்டை எடு
தட்டு காலியாக இருக்கும்வரை: காத்திரு
தோசையை எடு
மணி அடி
பூட்டை விடு

பிஓசிக்ஸ் த்ரெட் (1995), ஜாவா (1996), டாட்நெட் (2002), சி++ (2011) எல்லாமே மெஸா வழியில் வந்தவை. இன்றைக்கு ஒரு மாணவர் கையில் எடுக்கும் மொழி எதுவானாலும் கிட்டத்தட்ட நிச்சயமாக மெஸாவின் பேரப்பிள்ளைதான். மெஸா உலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஹோரின் உலகத்து நிரலை எழுதுவதுதான் அந்த 'இஃப்'.

ஸ்பூரியஸ் வேக்அப், அதாவது யாரும் மணி அடிக்காமலேயே விழிப்பு வருவது, இதற்கு அடுத்த காரணம்தான். பிஓசிக்ஸும் ஜாவாவும் இதை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. பலர் இதை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அப்படி ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 'வைல்' தேவைதான், மூன்றாம் ஆள் தோசையை எடுத்துக்கொண்டு போகிறானே! ஸ்பூரியஸ் வேக்அப் பற்றி மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

தப்பான ஆளை எழுப்பினால்

'வைல்' போட்டாயிற்று, இனிமேல் நிம்மதி என்று நினைத்தால் இன்னொரு குழி காத்திருக்கிறது. ஜாவாவின் பழைய வெயிட், நோட்டிஃபையில் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பெஞ்சுதான். மாஸ்டர்களும் மாணவர்களும் ஒரே பெஞ்சில் தூங்குகிறார்கள். நோட்டிஃபை என்றால் அவர்களில் யாரோ ஒருவரை எழுப்பும். யாரை என்று கேட்க முடியாது.

இரண்டு மாஸ்டர், இரண்டு மாணவர். தட்டு காலி, மாணவர்கள் இருவரும் தூங்குகிறார்கள். மாஸ்டர் 1 தோசை வைத்து மணி அடிக்கிறார், மாணவன் 1 எழுகிறான். அவன் பூட்டைப் பிடிப்பதற்குள் மாஸ்டர் 2 வந்து தட்டு நிரம்பியிருப்பதைப் பார்த்துப் படுக்கிறார். மாஸ்டர் 1-ம் அடுத்த தோசையோடு வந்து, நிரம்பியிருப்பதைப் பார்த்துப் படுக்கிறார். இப்போது மாணவன் 1 தோசையை எடுத்துவிட்டு ஒரு மணி அடிக்கிறான். எழ வேண்டியது ஒரு மாஸ்டர். ஆனால் எழுந்தது மாணவன் 2! அவன் 'வைல்' போட்ட நல்ல பிள்ளை, தட்டைப் பார்க்கிறான், காலி, மறுபடி படுக்கிறான். மாணவன் 1 அடுத்த தோசைக்கு வருகிறான், காலி, அவனும் படுக்கிறான். நான்கு பேரும் தூங்கியாயிற்று. இனி எழுப்ப ஆளே இல்லை. எக்ஸெப்ஷன் இல்லை, எரர் மெசேஜ் இல்லை, ப்ராசஸர் பயன்பாடு பூஜ்யம். நிரல் அமைதியாகச் செத்துக் கிடக்கும்.

தீர்வு இரண்டு. நோட்டிஃபை-ஆல் போட்டு எல்லோரையும் எழுப்பலாம், வேலை இருப்பவர் செய்வார், இல்லாதவர் திரும்பப் படுப்பார். அல்லது மாஸ்டர்களுக்கும் மாணவர்களுக்கும் தனித்தனிப் பெஞ்ச் போடலாம். பிஓசிக்ஸில் ஒரே மியூடெக்ஸுக்கு இரண்டு கண்டிஷன் வேரியபிள் வைப்பது ஆரம்பத்திலிருந்தே முடியும். ஜாவாவில் 2004-ல் வந்த 5-ஆம் பதிப்பில்தான் இந்த வசதி கிடைத்தது. ஜாவாவின் த்ரெட் வடிவமைப்பை 1999-லேயே பிரிஞ்ச் ஹான்சன் ஒரு கட்டுரை எழுதி வெளுத்து வாங்கியிருந்தார். மானிட்டரை உருவாக்கியவர்களில் ஒருவருக்கே அது பிடிக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

சிக்னலை நம்பி ஏமாந்ததில் பெரிய கம்பெனிகளும் விலக்கில்லை. விண்டோஸில் பல்ஸ்-ஈவென்ட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. அந்த நொடியில் காத்திருப்பவர்களை எழுப்பிவிட்டு உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஞாபகம் ஏதும் வைத்துக்கொள்ளாது. ஆனால் தூங்கும் த்ரெட்டை கெர்னல் சொந்த வேலைக்காகக் கண நேரம் காத்திருப்பிலிருந்து வெளியே எடுப்பதுண்டு. சரியாக அந்தக் கணத்தில் பல்ஸ் அடித்தால் அது கேட்காமலே போய்விடும். இது நம்பகமில்லாதது, பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. சரியான கண்டிஷன் வேரியபிள் விண்டோஸுக்கு விஸ்டாவில்தான் வந்தது.

லினக்ஸ் ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். ஜி-லிப்-சி நூலகத்தில் 2017-ன் 2.25 பதிப்பில் கண்டிஷன் வேரியபிளைப் புதிய முறையில் எழுதினார்கள். நிரல் எழுதியவர் எல்லா விதியையும் மதித்திருந்தாலும், மிக அரிதாக சிக்னல் யாரையும் எழுப்பாமல் போகிறது என்று 2020-ல் புகார் வந்தது. திருத்தம் வெளியானது 2025-ல், 2.41 பதிப்பில். உலகம் முழுக்கப் பயன்படும், கெட்டிக்காரர்கள் எழுதிய நூலகத்திலேயே ஒரு மணிச் சத்தம் தொலைவது இத்தனை வருடம் நீடித்தது.

தோசை போனால் பரவாயில்லை...

மெஸ் உதாரணத்தில் போவது ஒரு தோசை. எல்லா இடத்திலும் அப்படியில்லை.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் இயந்திரம். கனடாவின் ஏ.இ.சி.எல். நிறுவனம் தயாரித்தது. 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரிக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. 1986 மார்ச்சிலும் ஏப்ரலிலும் டெக்சாஸின் டைலர் நகரில் பாதிக்கப்பட்ட இருவரும் அந்த ஆண்டே இறந்துபோனார்கள். நான்சி லெவசனும் கிளார்க் டர்னரும் 1993-ல் வெளியிட்ட விரிவான ஆய்வில் உள்ளே நடந்தது தெளிவாக இருக்கிறது.

டைலரில் நடந்தது இதுதான். இயந்திரத்தை இயக்குபவர் விவரங்களைத் தட்டச்சு செய்கிறார். கர்சர் கடைசி வரிக்கு வந்ததும், "தகவல் உள்ளீடு முடிந்தது" என்று ஒரு கொடி ஏற்றப்படுகிறது. இன்னொரு டாஸ்க் அந்தக் கொடியைப் பார்த்துக் காந்தங்களைச் சரிசெய்ய ஆரம்பிக்கிறது. அதற்குச் சுமார் 8 விநாடி ஆகும். எக்ஸ்-ரே என்று தவறுதலாக அடித்துவிட்டதை இயக்குபவர் கவனித்து, சட்டென்று மேலே போய் எலக்ட்ரான் என்று மாற்றிவிட்டுக் கீழே வருகிறார். எல்லாம் 8 விநாடிக்குள். நடுவில் திருத்தம் நடந்ததா என்று பார்க்கும் நிரல்வரிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் முதல் காந்தத்துக்கான காத்திருப்பு முடிந்ததுமே அதற்கான கொடி அழிந்துவிடுவதால், அதற்குப் பிறகான திருத்தங்கள் யார் கண்ணிலும் படவில்லை. திரையில் எலக்ட்ரான் என்று இருக்கிறது. உள்ளே இயந்திரத்தின் ஒரு பகுதி எக்ஸ்-ரேவுக்குத் தயாராகி நிற்கிறது. முந்தைய மாடலில் இப்படி நேர்ந்தால் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டுகள் இருந்தன. தெராக்-25ல் அந்தப் பொறுப்பையும் மென்பொருளிடமே விட்டிருந்தார்கள்.

இதில் கண்டிஷன் வேரியபிளும் இல்லை, நோட்டிஃபையும் இல்லை. பொதுவான வேரியபிள்கள் மட்டும்தான். ஆனால் தவறின் வடிவம் அதே 'இஃப்'தான். ஒரு தடவை கொடியைப் பார்த்தார்கள், நம்பினார்கள், 8 விநாடி கழித்தும் அது உண்மைதானா என்று திரும்பப் பார்க்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலுமாக ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மரக்கிளையில் உரசிய மின்கம்பிகளும், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த பாதைகளும் முக்கியக் காரணங்கள். ஆனால் ஒஹையோவில் ஒரு மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அன்று மதியம் 2.14-க்கே அலாரம் மென்பொருள் நின்றுபோயிருந்தது. இரண்டு ப்ராசஸ்கள் ஒரே தரவில் ஒரே சமயத்தில் எழுதப் புகுந்த ரேஸ் கண்டிஷன் அது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அலாரம் நின்றுவிட்டது என்பதற்கு ஒரு அலாரம் இல்லை! அறையில் இருந்தவர்கள் சத்தம் எதுவும் வராததால் எல்லாம் நலம் என்று இருந்தார்கள். நாலேகால் மணிக்குள் பெரும்பகுதி இருண்டுவிட்டது.

சிக்னல் வந்ததாலேயே நிலைமை மாறிவிட்டது என்று நம்பியது முதல் தவறு. சிக்னல் வராததாலேயே நிலைமை மாறவில்லை என்று நம்பியது இரண்டாவது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். மணியைக் கேட்டுவிட்டுத் தட்டைப் பார். மணி ரொம்ப நேரம் கேட்கவில்லையென்றாலும் ஒரு தடவை போய்த் தட்டைப் பார். இதற்காகத்தான் பல மொழிகளிலும் நேர வரம்போடு காத்திருக்கும் வெயிட் இருக்கிறது. மாணவர் நிரல்களில் அதைக் காண்பது அபூர்வம்.

"இதெல்லாம் இப்ப யார் எழுதறாங்க?"

நியாயமான கேள்வி. ஜாவாவில் பிளாக்கிங்-க்யூ ரெடிமேடாகக் கிடைக்கிறது. கோ மொழியில் சேனல் இருக்கிறது. வேலைக்குப் போன இடத்தில் யாராவது கையால் வெயிட், நோட்டிஃபை எழுதினால் சீனியர் முறைப்பார், முறைக்கவும் வேண்டும். ரெடிமேட் இருக்கும்போது அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் அதனால் பாடம் தேவையில்லை என்று ஆகிவிடாது. பிளாக்கிங்-க்யூவைத் திறந்து பார்த்தால் உள்ளே அதே 'வைல்' உட்கார்ந்திருக்கும். லினக்ஸில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஃப்யூடெக்ஸ் கூட, "இந்த இடத்தில் இன்னமும் இந்த எண்தான் இருக்கிறதா? இருந்தால் மட்டும் தூங்கு" என்று நிலையைக் கேட்டுவிட்டுத்தான் தூங்க வைக்கிறது. பார்ப்பதையும் படுப்பதையும் கெர்னலே ஒன்றாகச் செய்துகொடுக்கிறது. மெஸ்ஸில் பார்த்த இடைவெளியை அடைக்கும் அதே வித்தை.

த்ரெட்டே இல்லாத இடத்திலும் இது தொடர்கிறது. ஜாவாஸ்க்ரிப்டில் ஒரே த்ரெட்தான், பூட்டு கீட்டு எதுவும் வேண்டாம் என்பார்கள். கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடுவில் ஒரு அவெயிட் போட்டு, பிறகு பணத்தைக் கழித்தால்? அந்த அவெயிட்டின் போது வேறொரு கோரிக்கை உள்ளே புகுந்து பணத்தை எடுத்திருக்கலாம். காத்திருந்து திரும்பியவர் உலகம் அப்படியே உறைந்து நின்றிருக்கும் என்று நினைத்ததுதான் தவறு. மொழி புதிது, தவறு பழையது. ஜாவாவில் 2023-ல் வர்ச்சுவல் த்ரெட்கள் வந்தபோதும், சிங்க்ரனைஸ்டுக்குள் காத்திருந்தால் கீழே உள்ள நிஜ த்ரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. 2025-ல் வந்த 24-ஆம் பதிப்பில்தான் அதைச் சரிசெய்தார்கள். காத்திருப்பது என்பது இன்றும் மலிவான விஷயமாகிவிடவில்லை.

எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?

இப்போது பாடம் நடக்கும் வரிசை பெரும்பாலும் இப்படி: முதலில் த்ரெட், அப்புறம் லாக், அப்புறம் வெயிட், நோட்டிஃபை என்ற ஃபங்ஷன்கள், கடைசியில் ஒரு எச்சரிக்கையாக "வைல் போடுங்க". இது தலைகீழ். மாணவர் மனதில் நோட்டிஃபைதான் கதாநாயகன் ஆகிவிடுகிறது, நிபந்தனை துணை நடிகராகிவிடுகிறது.

முதலில் நிபந்தனையை எழுதச் சொல்ல வேண்டும். நிரலில் இல்லை, தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு முழு வாக்கியமாக. "தட்டில் தோசை வரும்வரை இந்த த்ரெட் காத்திருக்கும்." "தட்டு காலியாகும்வரை அந்த த்ரெட் காத்திருக்கும்." இந்த வாக்கியத்தை எழுத முடியாதவர் எந்த சிக்னலை எழுதினாலும் அது குருட்டாம்போக்குத்தான். வாக்கியம் கிடைத்துவிட்டால் மற்றவை தானாக வரும். அந்த வாக்கியத்தில் வரும் தரவுதான் பூட்டுக்குள் இருக்க வேண்டியது. அந்த வாக்கியம் உண்மையாக மாறக்கூடிய இடங்கள்தான் மணி அடிக்க வேண்டிய இடங்கள். அந்த வாக்கியம்தான் 'வைலு'க்குள் தலைகீழாகப் போக வேண்டியது.

அடுத்தது சோதனை. "பத்து தடவை ஓட்டினேன் சார், வந்துச்சு" என்பதை மல்டித்ரெடிங் லேபில் ஆதாரமாக ஏற்கவே கூடாது. ஒரே லேப்டாப்பில் இரண்டு த்ரெட்களோடு ஓடும்போது மேலே சொன்ன எந்தக் குழியும் கண்ணில் படாமல் போகலாம். அதற்குப் பதிலாக நிரலைக் கொஞ்சம் துன்புறுத்திப் பார்க்கலாம். சம்பந்தமே இல்லாத ஒரு த்ரெட்டை ஓடவிட்டு, அது கண்டபடி நோட்டிஃபை-ஆல் அடித்துக்கொண்டே இருக்கட்டும். சரியான நிரல் என்றால் கொஞ்சம் மெதுவாகலாம், விடை மாறக்கூடாது. விடை மாறினால் அந்த நிரல் சிக்னலை நம்பி வாழ்கிறது என்று அர்த்தம். 'இஃப்' போட்ட நிரல் இந்தச் சோதனையில் சில நொடிகளிலேயே காலி தட்டில் கை வைக்கும். இரண்டு மாஸ்டர், இரண்டு மாணவரை இருபது, இருபதாக்கி நோட்டிஃபையை மட்டும் வைத்து ஓட்டினால் அடுத்த குழியும் சீக்கிரமே தெரியும். ஒரு லேப் வகுப்புக்குள் செய்யக்கூடிய வேலைதான். இதற்குத் தனி மென்பொருளோ செலவோ வேண்டியதில்லை.

மார்க் போடும்போதும் ஒரு சின்ன மாற்றம் போதும். நிரல் ஓடியதற்குப் பாதி மார்க். "இந்த வெயிட் எதற்காகக் காத்திருக்கிறது? எழுந்ததும் அது உண்மை என்று எப்படித் தெரியும்?" என்ற இரண்டு கேள்விக்கு மீதிப் பாதி. இன்று லேபில் தோசைத் தட்டோடு விளையாடுகிறவர்களில் சிலர் நாளை மருத்துவக் கருவிக்கும், ரயில் சிக்னலுக்கும், வங்கிக் கணக்குக்கும் நிரல் எழுதப்போகிறவர்கள். அந்த இரண்டு கேள்விகளையும் அவர்கள் வைவாவிலேயே ஒரு தடவை சந்தித்துவிட்டுப் போவது எல்லோருக்கும் நல்லது.